யன்னலுக்கு நட்ட பாத்தி

சவரி அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வேலையால் வந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். மார்ச் மாதம், பின்னேரம் நாலு மணி இருக்கும். தொலைபேசியில் அவருடைய மகள் ஜெனி. “ரீச்சர், அப்பா போயிட்டார். சட்பரிக்கு அங்கால, ட்ரக்குக்குள்ள, நித்திரையிலயாம். நான் மார்க்கம் ரவுணில இருந்து வெளிக்கிட்டிட்டன். நான் வருமட்டும் அம்மாவுக்குப் பக்கத்தில போய் இருங்கோ. சொல்லிப் போடாதேங்கோ, நான்தான் சொல்லோணும்.” ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் வெறும் காலுறையுமாகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

திரேசா அக்கா வழமைபோல யன்னலோரக் கதிரையில் இருந்தார். வெளியே கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரடியில் பனி விலகி உள்ளங்கை அகலத்துக்கு மண் தெரிந்தது. அக்கா இடது கையால் அதைச் சுட்டிக்காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஜெனி வந்து சேர முக்கால் மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் நாங்கள் இருவரும் அந்தத் துண்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கணவரை நினைத்துக்கொண்டு பார்த்தார். நானும் அவரைத்தான் நினைத்துக்கொண்டு பார்த்தேன். எங்களில் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். அந்த முக்கால் மணித்தியாலம் எனக்குள் இன்னும் முடியவில்லை.

ரொறன்ரோவின் மல்வேர்னில் எங்கள் வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சவரிமுத்து அண்ணை மன்னார்க்காரர். தூரப் பயண ட்ரக் ஓட்டுநர். பிறம்ரனில் பொதி ஏற்றினால் வின்னிப்பெக், அதற்கும் அப்பால் என்று எட்டு நாள், பத்து நாள் கழித்துத்தான் வீடு திரும்புவார். கனடாவுக்கு வந்த இரண்டாம் வருடம் திரேசா அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஊன்றுகோலோடு சில அடி மட்டும் நடப்பார். பேச்சும் போய்விட்டது. ஓம், இல்லை என்பவற்றோடு இன்னும் சில சொற்கள்தான் எஞ்சின, அவையும் நினைத்த நேரத்தில் வராது. காலையில் ஒரு தாதிப் பெண் வந்து போவார். பின்னேரங்களில் நான் எட்டிப் பார்ப்பேன். மீதி நேரம் முழுவதும் அக்காவுக்கு உலகம் என்பது அந்த யன்னல்தான். அதற்கு வெளியே, வீட்டுச் சுவரோடு ஒட்டி, நாலடி அகலத்தில் ஒரு பாத்தி.

நான் ஊரில் தாவரவியல் படிப்பித்தவள். பதினான்கு வருடம். இங்கே ஒரு தொழிற்சாலையில் மாத்திரைப் போத்தல்களுக்கு மூடி போடுகிறேன். வந்த முதற் கோடையில், படித்த பெருமையில், என் வீட்டுப் பாத்தியில் கையில் கிடைத்ததையெல்லாம் நட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். யாழ்ப்பாணத்துக் கைக்கு வாடின இலையைக் கண்டால் சும்மா இருக்க வராது. லவெண்டர் அழுகியது, அதன் பக்கத்தில் நின்ற சீடம் என்ற சதைப்பற்றுச் செடியும் அழுகியது. நான் இன்னும் ஒரு வாளி கொண்டுவந்தேன். சவரி அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரீச்சர், உது தாகத்தில சாகேல்லை. உங்கட பாசத்தில சாகுது.” எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தச் செடியின் குடும்பப் பெயரை இலத்தீனில் சொல்லி, அதன் இலையமைப்பை விளக்கினேன். அவர் மரியாதையாக முழுவதையும் கேட்டார். “உது சரி ரீச்சர். ஆனா உது தனிய நிக்குமோ நிக்காதோ?”

அவருடைய தோட்டக்கலை முழுவதும் அந்த ஒரு கேள்விதான். நாற்று விற்கும் இடங்களுக்குப் போனால், பூவைப் பார்க்கமாட்டார். சாடியில் செருகியிருக்கும் சீட்டைத்தான் முதலில் வாசிப்பார். எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று அதில் ஓர் எண் இருக்கும், எண் குறையக் குறையத் தாங்கும் குளிர் கூடும். ரொறன்ரோவுக்கு ஐந்தோ ஆறோ போதும் என்பார்கள். அவர் மூன்றைத்தான் எடுப்பார். “வின்னிப்பெக்கில நிண்டு பிடிக்கிறது இஞ்சை சிரிச்சுக்கொண்டு நிக்கும்.” பக்கத்துத் தெருவில் ஒருவர் குளிர்காலத்துக்குத் தன் ரோசாச் செடிகளைச் சாக்கால் சுற்றிக் கட்டியிருந்ததைப் பார்த்து உண்மையாகவே கவலைப்பட்டார். “சட்டை போட்டுவிட வேண்டிய செடியை வைச்சிட்டு நான் எப்பிடி ரீச்சர் ரோட்டில ஓடுறது?”

எங்கள் வரிசையில் யாராவது செடி கேட்டால் அவர் கேட்பது மண்ணைப் பற்றி அல்ல, வேலை நேரத்தைப் பற்றி. “காலமை எத்தினை மணிக்குப் போறியள்? ரெண்டு வேலையோ?” புருசனும் மனைவியும் இரண்டிரண்டு வேலை செய்யும் வீட்டுக்கு, நிழல் விழும் சுவரடியில் ஹொஸ்டா. கோடை முழுவதும் ஊர் சுற்றித் திரியும் வீட்டுக்கு டே லிலி. தண்ணீர் ஊற்றாமல் இருக்கவே முடியாதவர்களுக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தார், சைபீரிய ஐரிஸ். அது எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். அந்த வகையில் வரிசையிலேயே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். என் வாசலில் வந்து ஐரிஸை வைத்துவிட்டு, “இப்ப ஊத்துங்கோ ரீச்சர், மனம் நிறைய ஊத்துங்கோ” என்றார். அது இன்றைக்கும் என் பாத்தியில் நிற்கிறது.

செடிகளை அவர் எங்கே படித்தார் என்று ஒருநாள் கேட்டேன். “ரோட்டில,” என்றார். சட்பரிக்கு அப்பால் பெருந்தெருவோரத்தில், அவர் கால் ஆற இறங்கி நடக்கும் ஓர் இடத்தில், இடிந்த பண்ணை வீடு ஒன்று இருந்ததாம். கூரை இல்லை, சுவரும் இல்லை, புகைபோக்கி மட்டும் நின்றது. யார் இருந்தார்கள், எப்போது போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. ஆனால் யூன் மாதம் போனால் இல்லாத ஒரு கதவை நோக்கி இரண்டு வரிசையில் பியோனிப் பூக்கள். வெளிறிய இளஞ்சிவப்பு, ஒற்றை அடுக்கு. “தண்ணி விட்டவனும் இல்லை, களை பிடுங்கினவனும் இல்லை. வீடு விழுந்திட்டுது ரீச்சர், உதுக்கு வீடு விழுந்ததே தெரியாது.” இதைச் சொல்லும்போது அவருடைய குரல் தணிந்துவிடும். அவர் இன்னும் அந்தப் பூக்களுக்கு நடுவில் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றும். நான் அந்த இடத்தை ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் தொழிற்சாலையில் மூடிகள் வரிசையாக என்னை நோக்கி வரும்போது பல தடவை அங்கே நடந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பூ, நடுவில் மஞ்சள் வெயில், முடிவில் வீடில்லை.

கடைகளில் விற்கும் பியோனிகள் தலை கனத்து விழும், தடி ஊன்றிக் கட்ட வேண்டும். அது அவருக்குச் சரிவராது. அந்த வீட்டுப் பியோனி தானாக நிற்பது. செப்ரெம்பர் வரை காத்திருந்தார், அந்தச் செடியை மற்றக் காலத்தில் கிளறக்கூடாது. பிறகு ஒரு பயணத்தில் இறங்கி, கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்று, “எக்ஸ்கியூஸ் மீ” என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். யாரும் மறுக்கவில்லை. மூன்று செடிகளில் ஒவ்வொரு துண்டு கிழங்கு மட்டும் வெட்டி, ஈரக் கடதாசியில் சுற்றி, ட்ரக்கில் தன் படுக்கைக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்தார்.

அதை நட்ட நாளை நான் மறக்கமாட்டேன். சவரி அண்ணை வீட்டுக்குள்ளே, திரேசா அக்காவின் கதிரையில் இருந்தார். நான் வெளியே பாத்திக்குள் இடம் குறிக்கத் தும்புத்தடியோடு நின்றேன். அக்காவின் கண் உயரத்தில் இருந்து பார்த்தால் யன்னல் விளிம்பு முன்பக்கத்தை மறைத்துவிடும், குட்டையான செடி எதுவும் தெரியாது. அவர் கண்ணாடிக்குள்ளிருந்து கையைத் தூக்குவார், நான் அரையடி பின்னால் போவேன். தலையை ஆட்டுவார், தடியை ஊன்றுவேன். ஏப்ரலில் எது, யூனில் எது, மற்றவை ஓய்ந்த பிறகு ஒக்ரோபர் மட்டும் சிவந்து நிற்கச் சீடம், இவ்வளவும் அந்தக் கதிரையில் இருந்துதான் தெரிவானது. வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்: “நான் பக்கத்தில இருந்து பாக்கிறவன் இல்லை ரீச்சர். நான் இல்லாமல் நிக்கிறதாத்தான் பாத்து எடுக்கோணும். இவ தனிய இருக்கேக்க ஒண்டாவது வெளியில நிக்கோணும்.” அக்கா அவருடைய சட்டைக் கையில் ஒட்டியிருந்த மண்ணை இடது கையால் தட்டிவிட்டார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். வரிசையில் சிலருக்கு இது தெரியும், பலருக்குத் தெரியாது. அவர் உயிரோடு இருந்தபோது நான் யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த வசந்தம், பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை. அவர் வின்னிப்பெக் போயிருந்தார். எதிர்வீட்டில் ரியூலிப் பச்சை பிடித்துவிட்டது. சவரி அண்ணையின் பாத்தியில் காய்ந்த தண்டுகளும் கறுத்த சருகும் மட்டும்தான். குளிரில் எல்லாம் செத்துவிட்டன என்று முடிவுகட்டினேன். பெருநாளுக்கு வீடு வருகிற மனிதன் இதையா பார்க்க வேண்டும் என்று இரக்கம் வேறு. பல்லாண்டுத் தாவரம் என்றால் என்ன என்று பதினான்கு வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். விடை சரியாக எழுதிய பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டவள். ஆனால் நான் கண்ட செடிகளில் உயிரோடு இருந்த எதுவும் முழுதாக மண்ணுக்குள் போய் ஒளித்ததில்லை. மண் கிண்டும் சவளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மண் இறுகிக் கிடந்தது, அரை நாள் கிண்டினேன். பழைய இராசவள்ளி நிறத்தில் கிழங்குகள் வந்தன. அவற்றின் நுனியில் சிவப்பாகச் சிறு முளைகள் இருந்தன. கண்ணால் கண்டேன். அழுகல் என்று நினைத்தேன்.

கிண்டிக்கொண்டிருக்கும்போது யன்னலில் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். திரேசா அக்கா கண்ணாடியில் இடது கையால் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டு கையை ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாகத் தட்டினார். நானும் இன்னொரு தரம் கையை ஆட்டிவிட்டுக் குனிந்து வேலையைத் தொடர்ந்தேன்.

வியாழக்கிழமை குப்பை வண்டி வந்து பைகளைக் கொண்டுபோனது. சனிக்கிழமை சவரி அண்ணை வந்தார். நான் வாசலிலேயே காத்திருந்து, சீவிவிட்ட பாத்தியைப் பெருமையோடு காட்டினேன். அவர் அதைப் பார்த்தபடி நின்றார். “கிளறினதை எங்க வைச்சனீங்கள் ரீச்சர்?” “குப்பைக்குப் போட்டிட்டன் அண்ணை.” குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “மண் இறுகலாக் கிடந்திருக்கும். கை நொந்திருக்குமே,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். யன்னலால் பார்த்தேன். அவர் கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருந்து தன் சால்வையால் அக்காவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தத் தட்டல் என் தலைக்குள் கேட்டது. இந்த வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய்க் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

ஹொஸ்டாவும் மற்றவையும் ஒரு கிழமைக்குள் திரும்பி வந்தன. அவர் துண்டு கொடுத்த வீடுகளில் எல்லாம் போய் அவரே ஒவ்வொரு துண்டு வாங்கினார். என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கு “குளிர் கூடிப் போச்சு” என்றார். வாழ்நாளில் அவர் ஒரு செடிமீது சொன்ன ஒரே பழி அதுவாகத்தான் இருக்கும், அதுவும் எனக்காக. பியோனிக்கு மட்டும் வழியில்லை. அந்த யூன் மாதத்தில் அக்கா பார்த்த பாத்தியின் நடுவில் மூன்று வெறும் இடங்கள் இருந்தன. நான் பின்னேரம் போனால் அவருக்குப் பக்கத்தில் இருப்பேன், யன்னல் பக்கம் திரும்பமாட்டேன்.

செப்ரெம்பரில் அவர் மறுபடி அந்த இல்லாத வீட்டில் இறங்கினார். முதல் தடவை அவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வராததால் இரண்டாம் தடவைக்கு அங்கே செடி இருந்தது. கடதாசிப் பொதியோடு வந்து என் கதவைத் தட்டினார். மற்றக் கையில் சவள். அதை என் பக்கம் நீட்டினார். நான் பின்வாங்கினேன். “வேண்டாம் அண்ணை, நான் தொடமாட்டன்.” “இடம் தெரிஞ்ச ஆள் நீங்கள்தானே,” என்றார். “நான் கதிரையில இருக்கிறன். நீங்கள் நடுங்கோ. கண் மண்ணுக்குக் கீழ ரெண்டு விரல் மட்டும். அதுக்கு மேல தாட்டால் இலைதான் வரும், பூ வராது.” அந்தச் சிவப்பு முளைகளுக்கு அவர் வைத்திருந்த பெயர் கண். அவர் கண்ணாடிக்குள்ளிருந்து கையைக் காட்ட, நான் மூன்றையும் நட்டேன். அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

பியோனி அவசரப்படாது. முதல் வருடம் இலை. இரண்டாம் வருடம் ஒரு மொட்டு வந்து, காய்ந்து போனது. போன வருடம் யூனில், ஒரு காலை நான் வேலைக்கு வெளிக்கிடும்போது, மூன்று செடிகளும் பூத்து நின்றன. சவரி அண்ணை அப்போது ரெஜைனாவில். பத்து நாளில் அந்தப் பூ முடிந்துவிடும். எட்டாம் நாள் மழை கொட்டியது, ஒன்பதாம் நாள் அவர் வந்தார். பாத்தியில் இலையும் தரையில் இதழ்களும்தான் கிடந்தன. அவர் அக்காவைப் பார்த்து, “எத்தினை?” என்று கேட்டார். அக்கா இடது கை விரல்களை விரித்து ஐந்து காட்டி, மூடி, மறுபடி இரண்டு காட்டினார். ஏழு. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை, “நீங்கள் பாக்கேல்லையே அண்ணை,” என்றேன். “நான் பாக்கிறதுக்கு வைக்கேல்லையே ரீச்சர். அவ பாத்திட்டா.” இது எங்கள் எல்லோருக்கும் ஒரு பெரிய மனிதனின் பேச்சாகத் தெரியலாம். அவர் அதைத் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

அடக்கப் பூசையில் சுவாமியார் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். விசுவாசம் உள்ளவர்களுக்கு அது ஆறுதல், நான் மறுக்கவில்லை. ஆனால் நான் சைவக்காரி, அதோடு தாவரவியல்காரி. செடிக்கு மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. சவரி அண்ணை ஏப்ரலில் திரும்பி வரமாட்டார். பனி உருகிய பிறகும் அவருடைய சப்பாத்துச் சத்தம் வாசலில் கேட்காது என்பதை நான் ஒவ்வொரு நாளும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு ஜெனி தாயைத் தன்னோடு மார்க்கத்துக்குக் கூட்டிப்போக ஆயத்தமாக வந்தாள். பெட்டிகள் அடுக்கியாயிற்று. திரேசா அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. “இல்லை,” என்றார். ஜெனி கெஞ்சினாள். அக்கா உதட்டோடு நெடுநேரம் போராடி, ஒரு சொல்லைச் சொன்னார். “செப்ரெம்பர்.” ஜெனி என்னைப் பார்த்தாள். “அம்மா குழம்பிப் போனா ரீச்சர். இப்ப ஏப்ரல்.” குழப்பம் இல்லை என்று எனக்குத் தெரியும். செப்ரெம்பரில் பியோனியைக் கிளறித் தன்னோடு கொண்டுபோகத்தான் அவர் கேட்கிறார், அந்தக் கிழங்குகளை இப்போது எடுத்தால் இன்னும் மூன்று வருடத்துக்குப் பூ இல்லை என்று விளக்கினேன். “அதுக்கு என்ன, புதுசா வாங்கலாம் அம்மா, சேம் திங்தானே,” என்றாள் அந்தப் பிள்ளை. அவளில் பிழை இல்லை, அவளும் தகப்பனை இழந்தவள்.

அக்கா தலையை ஆட்டினார். ஜெனி களைத்துப்போய்ப் பெட்டியொன்றின்மேல் இருந்தாள். “சரி அம்மா, செப்ரெம்பர் மட்டும் ரீச்சர் பக்கத்தில இருக்கிறா, சமாளிப்பம். ஆனா கிண்டுறது ஆர்? எங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஒரு லாண்ட்ஸ்கேப்பிங் ஆளைப் பிடிக்கிறன்.”

இதை எழுதும்போது யூன் பிறந்துவிட்டது. மொட்டுகள் கொட்டைப்பாக்கு அளவில் நிற்கின்றன, எறும்பு ஊர்கிறது, நான் தொடவில்லை. சவரி அண்ணை, உங்களிடமிருந்து எனக்கென்று வந்தது என்ன என்று, இந்த அஞ்சலியை எழுதச் சொன்ன பத்திரிகைக்காரர் கேட்டார். ஐரிஸ் என்று சொல்ல நினைத்தேன். அது இல்லை. அன்றைக்கு ஜெனி அப்படிக் கேட்டதும், திரேசா அக்கா கதிரையைப் பிடித்து எழும்பினார். ஊன்றுகோலோடு கதவடிக்கு நடந்து, தோளால் சுவரில் சாய்ந்து ஊன்றுகோலை விட்டு, மூலையில் சாத்தியிருந்த உங்கள் சவளை இடது கையால் எடுத்து, என்னிடம் தந்தார்.